டைரிப் பக்கங்களுக்குப் போட்டி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்கள் நாள்தோறும் சிறிது நேரம் நாட்குறிப்பு எழுதினால் தங்களைத் தாங்களே அறிந்துகொள்ள வழி பிறக்கும் என்று வலியுறுத்தும் கட்டுரை ஒன்று தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் வெளிவந்திருந்தது. அதற்குக் கீழேயே கட்டம் கட்டி ஓர் அறிவிப்பும் இருந்தது. வாசகியர் தங்கள் டைரியிலிருந்து ஒரு பக்கத்தை அனுப்பலாம் என்றும், தேர்ந்தெடுக்கப்படும் பக்கங்கள் பரிசுடன் பிரசுரமாகும் என்றும் அது கூறியது. கட்டுரையோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் அந்த அறிவிப்பு, மேலே சொல்லப்பட்ட நல்லதைக் கீழிருந்து கெடுத்துவிடுகிறது. 17 ஆண்டுகளாக யாரும் படிக்காத நோட்டுகளை எழுதி வருபவள் என்ற உரிமையில் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

நான் முதன்முதலில் டைரி எழுதத் தொடங்கியது 16 வயதில். நான்கைந்து மாதம் எழுதியிருப்பேன். ஒருநாள் மாலை வீட்டுப் பெரியவர் ஒருவர் அதை எடுத்து, எல்லோரும் கூடியிருந்தபோது இரண்டு பக்கங்களை உரக்கப் படித்துக் காட்டினார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. செல்லமாகத்தான் படித்தார், எல்லோரும் செல்லமாகத்தான் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதுதான் இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது. அன்றோடு எழுதுவதை விட்டுவிட்டேன் என்று சொன்னால் கதை எளிதாக முடிந்துவிடும். உண்மை அப்படியில்லை. அதற்குப் பிறகும் இரண்டு மாதம் எழுதினேன். அந்தப் பக்கங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. 'இன்று எல்லோரும் என்னிடம் மிகவும் அன்பாக இருந்தார்கள்', 'நான் இன்னும் பொறுப்பாக நடந்துகொள்ள முயல்வேன்' என்பது போன்ற வாக்கியங்கள், அதற்கு முன் இல்லாத அழகான கையெழுத்தில், பக்கம் பக்கமாக இருக்கின்றன. அந்தப் பெரியவர் மறுபடியும் எடுத்துப் படித்தால் என்ன நினைக்க வேண்டுமோ அதை அவருக்காக எழுதி வைத்திருக்கிறேன். அதன் பிறகுதான், சலிப்பில், நின்றுபோயிற்று. மீண்டும் பேனாவை எடுக்க 25 ஆண்டுகள் ஆயின.

நோட்டைப் பிறர் படித்தால் எழுதுபவளுக்குக் கூச்சம் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கூச்சம் சில நாளில் போய்விடும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. படிக்கப் போகிறவர் ஒருவர் மனத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால், எழுதுகிறவள் தன்னைத் தேடுவதை நிறுத்திவிட்டுத் தன்னை எடுத்துக்காட்டத் தொடங்கிவிடுகிறாள். அந்த மாற்றம் அவளுக்கே தெரியாமல் நடக்கிறது. என் விஷயத்திலும் அது நடந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன்.

உலகம் அறிந்த டைரி ஒன்றிலேயே இதைப் பார்க்கலாம். யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் தன் 13ஆவது பிறந்தநாளான 1942 ஜூன் 12 அன்று கிடைத்த நோட்டில் தனக்காக எழுதத் தொடங்கினாள். 1944 மார்ச் இறுதியில், நாடு கடந்து இயங்கிவந்த டச்சு அரசின் அமைச்சர் ஒருவர், போர்க்கால டைரிகளையும் கடிதங்களையும் மக்கள் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்று வானொலியில் கேட்டுக்கொண்டார். நாஜிகளுக்கு அஞ்சிக் குடும்பத்தோடு ஒளிந்து வாழ்ந்த மறைவிடத்தில் இருந்தபடி அதைக் கேட்ட ஆன், சில வாரங்களில் தன் பழைய பதிவுகளைத் தனித் தாள்களில் திருத்தி எழுத ஆரம்பித்தாள். சிலவற்றைச் செதுக்கினாள், சிலவற்றை விட்டுவிட்டாள், மறைவிடத்தில் இருந்தவர்களுக்கு மாற்றுப் பெயர்கள் சூட்டினாள். எழுத்தாளராக வேண்டும் என்பது அவளுடைய கனவு என்பதால் அந்தத் திருத்தம் அவளுக்கு உரிய, உயர்ந்த வேலைதான். அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனாலும் முதல் நோட்டில் எழுதிய சிறுமியும், தாள்களில் திருத்தி எழுதிய இளம் எழுத்தாளரும் இருவேறு வேலைகளைச் செய்தார்கள். தங்கள் அறிவிப்பு, முதல் வேலையைத் தொடங்கும் முன்பே பெண்களை இரண்டாவது வேலைக்கு அழைக்கிறது.

முயல் குட்டிக் கதைகளால் குழந்தைகள் அறிந்த பியாட்ரிக்ஸ் பாட்டர், 15 வயதையொட்டித் தொடங்கி 30 வயது வரை, தானே வகுத்துக்கொண்ட ரகசிய எழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். அவர் 1943இல் இறந்தார். அந்த எழுத்தின் புதிர் விடுபட்டது 1958இல். அதற்கு நேர் எதிரான வீடு ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயினுடையது. 1862இல் திருமணத்துக்குச் சற்று முன்பு அவர் தன் பழைய டைரிகளை மணப்பெண்ணான சோஃபியாவிடம் படிக்கக் கொடுத்தார். அவள் அடைந்த அதிர்ச்சி வாழ்நாள் முழுவதும் ஆறவில்லை. பின்னர் கணவனும் மனைவியும் ஒருவர் டைரியை ஒருவர் படித்தே காலம் தள்ளினார்கள். மனம் திறந்த இல்லறம் என்று அதைக் கொண்டாடத் தோன்றலாம். ஆனால் இருவர் டைரிகளிலும் பல இடங்களில் தென்படுவது, மற்றவர் படிக்கட்டும் என்றே எழுதிய குற்றச்சாட்டுகள். கடைசியில், 1910இல், தனக்கு மட்டும் என்று ஒரு டைரியை டால்ஸ்டாய் மறைத்து வைக்க வேண்டியதாயிற்று. 82 வயதை நெருங்கியவருக்கே அந்த நிலை.

எழுதுவதால் உண்மையில் பயன் உண்டா என்ற கேள்வியை ஆய்வாளர்களும் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்க உளவியல் அறிஞர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் கல்லூரி மாணவர்களை நான்கு நாள் தொடர்ச்சியாக, நாளொன்றுக்கு 15 நிமிடம் எழுதச் செய்தார். ஒரு பகுதியினர் தங்களை ஆழமாகப் பாதித்த நிகழ்வை, நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதினார்கள். இன்னொரு பகுதியினர் சாதாரணப் பொருள் பற்றி எழுதினார்கள். 1986இல் வெளியான அந்த ஆய்வின்படி, முதல் வகையினர் அடுத்த மாதங்களில் உடல்நலக் குறைவுக்காக மருத்துவ மையத்துக்குச் சென்றது குறைந்தது. இந்தப் பகுதியை எல்லாக் கட்டுரைகளும் சொல்கின்றன, தங்கள் கட்டுரையும் சொன்னது. அதே ஆய்வின் மற்றொரு பகுதியை யாரும் சொல்வதில்லை: எழுதி முடித்த உடனே அவர்கள் முன்பைவிட வருத்தமாகவே உணர்ந்தார்கள். இத்தகைய 146 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2006ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்றும், பயன் உண்டு, ஆனால் சராசரியில் அது சிறியது என்றே முடிக்கிறது. எழுதினால் மனம் லேசாகிவிடும் என்று உறுதியளிப்பது, முதல் வாரத்தில் மனம் கனத்துப்போகும் பெண்ணை, 'எனக்கு இதுகூட ஒழுங்காக வரவில்லை' என்று நினைக்கவைத்துவிடும். அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பென்னிபேக்கர் குழுவினரின் பிற்கால ஆய்வுகளில் ஒரு செய்தி என்னை மிகவும் கவர்ந்தது. நாட்கள் செல்லச் செல்ல யாருடைய எழுத்தில் 'ஏனென்றால்', 'அதனால்', 'புரிந்தது' போன்ற சொற்கள் கூடிக்கொண்டு போயினவோ, அவர்களே கூடுதல் பயன் பெற்றார்கள் என்பது அது. கொட்டித் தீர்ப்பதைக் காட்டிலும், கொட்டியதைக் கோத்துப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கோத்துப் பார்க்க வேண்டுமானால் திரும்பப் படிக்க வேண்டும். தங்கள் கட்டுரை எழுதுவதைப் பற்றி எட்டுப் பத்தி பேசியது. திரும்பப் படிப்பதைப் பற்றி ஒரு வரிகூடப் பேசவில்லை. என் அனுபவத்தில், எழுதும்போது நான் எதையும் கண்டுபிடித்ததில்லை. கண்டுபிடித்ததெல்லாம் பழைய பக்கங்களைப் புரட்டும்போதுதான்.

ஒன்றைச் சொல்கிறேன். மீண்டும் எழுதத் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது. காய்ச்சலில் படுத்திருந்த ஒரு பகலில் நோட்டைப் புரட்டினேன். எல்லாப் பக்கங்களும் ஒன்றுபோலவே தோன்றின. ஏன் என்று பிடிபடாமல், அடிக்கடி வரும் சொல் எதுவோ அதைப் பென்சிலால் வட்டமிடத் தொடங்கினேன். ஒரு மாதப் பக்கங்களை முடித்தபோது வட்டங்கள் எல்லாம் ஒரே சொல்லைச் சுற்றித்தான் இருந்தன: வேண்டும். நாளை சீக்கிரம் எழ வேண்டும். அவளிடம் பேசிச் சமாதானம் செய்ய வேண்டும். அலமாரியை ஒழிக்க வேண்டும். இனிமேல் கோபப்படாமல் இருக்க வேண்டும். நம் மொழியில் கடமைக்கும் ஆசைக்கும் இந்த ஒரு சொல்தான். 'செய்ய வேண்டும்' என்றால் கட்டாயம். 'எனக்கு இது வேண்டும்' என்றால் விருப்பம். நான் வட்டமிட்டவற்றில் இரண்டாவது வகை ஒன்றுகூட இல்லை. 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்கள் இல்லாமல் இல்லை. எனக்குத் தலைவலி, எனக்கு நேரமில்லை, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று அவை இருந்தன.

அன்றிரவு, ஒரு வீம்பில், 'எனக்கு வேண்டியவை' என்று தலைப்பிட்டு பத்து வரி எழுதுவதாக உட்கார்ந்தேன். முதல் நான்கு வரிகளும் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் என் தாயாருக்கும் வேண்டியவை. அவற்றை அடித்துவிட்டு ஐந்தாவது வரிக்குக் காத்திருந்த நேரம் மிக நீண்டது. கடைசியில் எழுதியது இதுதான்: 'ஒரு மணி நேரம் என்னை யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும்.' உலகைத் துறக்கும் ஆசையோ, புதிய வாழ்க்கையோ, மறைந்து கிடந்த திறமையோ எதுவும் வெளிப்படவில்லை. சொல்லப்போனால் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் 42 வயதில் நான் எழுத்தில் கேட்ட முதல் பொருள் அது. மறுவாரத்திலிருந்து அந்த ஒரு மணி நேரத்தை, கதவைச் சாத்திக்கொண்டு, எடுத்துக்கொண்டேன். வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

அதன்பின் பென்சிலோடு படிப்பது வழக்கமாகிவிட்டது. என் வாக்கியங்களில் பலவற்றுக்கு எழுவாய் நான் இல்லை என்பதை அப்படித்தான் கவனித்தேன். 'கோபம் வந்தது', 'அழுகை வந்துவிட்டது', 'பேச்சு வளர்ந்துவிட்டது', 'போவதில்லை என்று முடிவாயிற்று'. கோபமும் அழுகையும் தாமாக வந்தன என்றே வைத்துக்கொள்வோம். முடிவு எப்படித் தானாக ஆகும்? விரும்பிய பயிற்சி ஒன்றுக்குப் போகாமல் விட்டதைப் பற்றிய பதிவு அது. வெகுகாலமாக, வீட்டார் தடுத்துவிட்டார்கள் என்றே நான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன், நம்பியும் வந்தேன். அதே வாரத்துப் பக்கங்களை வரிசையாகப் படித்தபோது, யாரும் தடுக்கவில்லை என்பதும், எனக்குத்தான் பயமாக இருந்தது என்பதும், யாராவது வேண்டாம் என்று சொல்லமாட்டார்களா என்று இரண்டு நாள் நானே காத்திருந்தேன் என்பதும் என் கையெழுத்திலேயே இருந்தன. தன்னை அறிதல் என்று அழகாகச் சொல்கிறோம்; அறியக் கிடைப்பது பல சமயம் இப்படிப்பட்டதுதான். போட்டிக்கு அனுப்பும் பக்கத்தில் இதை எந்தப் பெண் எழுதுவாள்?

என்னைவிடப் பொறுமையாகவும் திட்டமாகவும் இதைச் செய்தவர் பிரிட்டனைச் சேர்ந்த மேரியன் மில்னர். தன் வாழ்க்கையில் எது தனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது என்று தெரியவில்லை என்பதை உணர்ந்த அவர், 1926இல், 26 வயதில், தனக்கு மகிழ்ச்சி தந்த கணங்களை நாள்தோறும் குறித்து வரத் தொடங்கினார். தான் விரும்புவதாக நினைத்துக்கொண்டிருந்தவையும், மகிழ்ச்சி தந்ததாக நோட்டு காட்டியவையும் ஒன்றாக இல்லை என்பது அவருக்குத் தெரியவந்தது. பல ஆண்டுக் குறிப்புகளை ஆராய்ந்து 1934இல் அவர் அதை நூலாக வெளியிட்டபோது அட்டையில் இருந்தது புனைபெயர். அவர் பிற்காலத்தில் உளப்பகுப்பாய்வாளராகப் பெயர் பெற்றவர். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. முதலில் எழுதி, நாள் கடந்து படித்து, அதன்பின் எதை வெளியே சொல்வது என்று முடிவு செய்த அந்த வரிசையைக் கவனித்தால் போதும்.

தினமும் நன்றி சொல்லத்தக்க மூன்று விஷயங்களை எழுதுங்கள் என்ற கட்டுரையின் அறிவுரை பற்றியும் ஒரு வார்த்தை. சிலருக்கு அது ஆறுதல் தருவதை நான் மறுக்கவில்லை. ஆனால் காலை முதல் இரவு வரை பிறருக்கு இன்முகம் காட்டுவதையே வேலையாகக் கொண்ட பெண்ணிடம், தனியாக இருக்கும் பத்து நிமிடத்திலும் நோட்டுக்கு இன்முகம் காட்டு என்று சொல்வது நியாயமா என்று யோசியுங்கள். இன்று நன்றி சொல்ல ஒன்றும் இல்லை என்று எழுதவும் அந்த நோட்டில் இடம் இருக்க வேண்டும். வண்ணப் பேனா, ஒட்டுப்படங்கள், நாள் தவறாமல் எழுதியதற்குக் கட்டங்களை நிரப்புவது ஆகியவை பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பிடித்தவர்கள் செய்யட்டும். நான் பிள்ளைகளின் பழைய பள்ளி நோட்டுகளில் மிஞ்சிய பின்பக்கங்களில்தான் எழுதுகிறேன். வாரக்கணக்கில் எழுதாமல் விட்டதும் உண்டு.

எழுத என்ன இருக்கிறது, என் நாளில் ஒன்றுமே நடப்பதில்லையே என்று தயங்கும் பெண்களே அதிகம். அவர்களுக்கு மார்த்தா பல்லார்டைச் சொல்லலாம். அமெரிக்காவின் மெய்ன் பகுதியில் மருத்துவச்சியாக இருந்த அவர், 1785 முதல் 1812இல் இறக்கும் காலம் வரை, 27 ஆண்டுகள், நாள்தோறும் சில வரி எழுதினார். இன்று பனி பெய்தது, ஆற்றைக் கடந்தேன், இன்னார் வீட்டில் பிரசவம், வீடு திரும்பினேன் என்ற அளவுதான். 800க்கும் மேற்பட்ட பிரசவங்கள் அதில் பதிவாகியுள்ளன. அற்ப விவரங்கள் என்று முன்பு அறிஞர்கள் ஒதுக்கிய அந்த டைரியை வரி வரியாகக் கோத்து லாரல் தாட்சர் உல்ரிக் என்ற வரலாற்றாசிரியர் 1990இல் எழுதிய நூல், அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. நமக்குப் பரிசு வேண்டாம், வரலாற்றாசிரியரும் வேண்டாம். நான்கு வரி வேலைக் குறிப்பைக்கூட ஆறு மாதம் கழித்துப் படித்தால், எந்த நாட்களில் சோர்ந்தோம், யாரைச் சந்தித்த பின் எழுத்து நீண்டது, எதைப் பற்றி மட்டும் எழுதாமல் தாண்டிப் போனோம் என்பவை தாமே தெரியவரும். உணர்ச்சியைக் கொட்டத் தெரியாதவர்களுக்கும் இது கைகூடும்.

எச்சரிக்கையாகவும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். ஒரே புண்ணை ஒரே சொற்களில் மாதக்கணக்கில் கிளறிக்கொண்டிருப்பதாகத் தெரிந்தால் நோட்டை மூடிவிட்டு நம்பத்தக்க ஒருவரிடம், தேவையானால் மருத்துவரிடம், பேசுவதே சரி. வீட்டில் அடியும் மிரட்டலும் உள்ள பெண்ணுக்கு, கையில் சிக்கும் நோட்டு ஆபத்தாகவே முடியலாம். அவள் எழுதிவிட்டுக் கிழித்தெறியலாம். கிழித்துவிட்டால் திரும்பப் படிக்க முடியாதே என்றால், அவளுடைய பாதுகாப்புக்கு முன் அது பெரிதல்ல. கைபேசியில் எழுதுகிறவர்கள் அந்தக் கைபேசியின் கடவுச்சொல் யாருக்கெல்லாம் தெரியும் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, அந்தப் போட்டியைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெண்களின் எழுத்தை வெளியிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதை கேளுங்கள், கட்டுரை கேளுங்கள், நினைவுக் குறிப்பு கேளுங்கள். வெளியிடுவதற்கென்றே எழுதப்படும் அவற்றுக்குத் தாராளமாகப் பரிசும் கொடுங்கள். டைரிப் பக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் கட்டத்தின் இடத்தில், வாரத்துக்கு ஒரு கேள்வியை அச்சிடலாம்: 'இந்த மாதம் எதற்குச் சரி என்று சொன்னீர்கள், சொல்லும்போது மனத்தில் என்ன ஓடியது?' என்பது போல. விடையை எங்களுக்கு அனுப்ப வேண்டாம் என்று கீழே ஒரு வரியும் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

இன்னொன்றும் கேட்பேன். அறிவுரை எப்போதும் எழுதுகிற பெண்ணுக்கே போகிறது. அவளோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பைத் தாங்கள் வெளியிடலாம். கணவர், பெற்றோர், மாமியார், பிள்ளைகள், அக்கறையால் படிக்கிறேன் என்று சொல்லும் எல்லோருக்கும் பொதுவான குறிப்பு. மேசையில் கிடக்கும் நோட்டைத் தூசி தட்டினால் தட்டிவிட்டு அங்கேயே வைத்துவிட வேண்டும். 'என்ன எழுதுகிறாய்' என்று கேட்காமலும் இருக்க வேண்டும் என்பதற்கு மேல் அதில் எழுத ஒன்றுமில்லை. என் 16 வயதில் அப்படி ஒரு குறிப்பு யார் கண்ணிலாவது பட்டிருந்தால் என்று சில சமயம் நினைப்பதுண்டு.

வழக்கப்படி என் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் இணைத்துள்ளேன். அவை தங்கள் பார்வைக்கு மட்டும். அச்சில் வர வேண்டாம். எங்கள் வீட்டில் எல்லோரும் நாளிதழைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்புவது வாசகர் கடிதங்கள் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி